கலைத்த படையணியின் கடைசி ஆட்கள்

முதல் நாள் அந்த வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததுமே எனக்குத் திரும்பிப் போய்விட வேண்டும்போல் இருந்தது. சுவர் முழுக்க ஆமிக்காரர். வரிசையாக நிற்கிற ஆமிக்காரர், துவக்கோடு முழங்காலில் இருக்கிற ஆமிக்காரர், கட்டம் போட்ட பாவாடை உடுத்து பேக் பைப் ஊதுகிற ஆமிக்காரர். படங்களுக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் கதிரையில் இருந்தார். இரண்டு கையும் தன்பாட்டில் நடுங்கிக்கொண்டிருக்க, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வயது போனவர்களை அவரவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற வேலை என்னுடையது. குளிக்க வார்ப்பேன், உடுப்பு மாற்றுவேன், சாப்பாடு கொடுப்பேன், மருந்தை நேரத்துக்கு எடுக்கப் பண்ணுவேன். கனடாவில், இந்த ஸ்காபரோவில் எங்கள் பெண்கள் பலருக்கு இதுதான் வேலை. அழுக்கு, மணம், ஏச்சு எல்லாம் எனக்குப் பழகிப்போனவை. ஆனால் ஒரு ஆமிக்காரனைக் குளிக்க வார்க்க வேண்டி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

என்னுடைய அண்ணாவை எங்கள் ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போனது. நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அம்மா இப்போது எங்களோடு அஜின்கோர்ட்டில் இருக்கிறா. யார் ஊருக்குப் போய் வந்தாலும், அவர்களுக்கு எங்களைத் தெரியுமோ தெரியாதோ, "ஏதும் கேள்விப்பட்டனீங்களோ?" என்று கேட்பா.

வெளியே வந்து ஏஜென்சிக்கு ஃபோன் எடுத்து வேறு வீடு தரச் சொன்னேன்.

"ஏதும் கூடாமல் கதைச்சவரோ?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள்.

"இல்லை."

"கையைக் கிய்யைப் பிடிச்சவரோ?"

"இல்லை."

"அப்ப என்ன பிரச்சினை?"

சுவரில் படம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அடுத்த கிழமை பார்ப்போம் என்றாள். அடுத்த கிழமையும் ஆள் இல்லை, அதற்கடுத்த கிழமையும் இல்லை. அப்படியே வருடங்கள் போய்விட்டன.

அவர் பேசியது ஸ்கொட்லாந்து ஆங்கிலம். முதல் மாதம் எனக்குப் பாதி விளங்கவில்லை. இங்கே நான் எழுதுவது அது என் காதில் எங்கள் தமிழாக விழுந்த விதம். என்னை அவர் கூப்பிடுகிற ஒரு சொல் இருந்தது. அவர்களுடைய ஊரில் பொம்பிளைப் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ஐம்பதைத் தாண்டின என்னையும் அப்படியே கூப்பிட்டார். அதைப் "பிள்ளை" என்றே எழுதுகிறேன். நான் அவரை மிஸ்டர் போட்டுத்தான் கடைசிவரை கூப்பிட்டேன்.

மனைவி இறந்து கன காலம். ஒரே மகள் கல்கரியில். கனடாவுக்கு வந்த நாள் தொட்டு எலிவேற்றர் திருத்துகிற வேலை செய்திருக்கிறார். சென் ஜேம்ஸ் ரவுணில் உள்ள உயரக் கட்டடங்களெல்லாம் அவருடைய கைப்பட்டவை. நாங்கள் அகதியாக வந்து இறங்கி முதன்முதல் குடியிருந்ததும் அங்கேதான். அதைச் சொன்னபோது அவருக்குப் பெரிய சந்தோஷம்.

"நீங்க திருத்தின எலிவேற்றருக்குள்ளதான் நாங்க ஒவ்வொரு கிழமையும் அடைபட்டுக் கிடந்தனாங்கள்" என்றேன்.

"நான் ஒழுங்காத்தான் திருத்தினன். நீங்கள் கட்டிலையும் அலுமாரியையும் ஏத்தினால் அது என்ன செய்யும்?" என்றார். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் நான் முதன்முதலாகச் சிரித்தேன்.

படங்களைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். அது ஸ்கொட்லாந்தின் பழைய படையணிகளில் ஒன்று. அவருடைய தகப்பனும் அதில்தான் இருந்தாராம், தகப்பனின் தகப்பனும் அதில்தானாம். அறுபதுகளின் கடைசியில் அரசாங்கம் படைகளைக் குறைத்தபோது, வேறொரு படையணியோடு சேருங்கள் அல்லது கலைந்து போங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கலைந்து போகிறோம் என்று சொன்னார்கள். மே மாதத்தில் ஒருநாள், ஒரு வயல்வெளியில், குடும்பங்களெல்லாம் பார்த்திருக்க, கொடியை இறக்கிச் சுருட்டினார்களாம். இவருக்கு அப்போது இருபது சொச்சம். வேறு படையணிக்குப் போக மனமில்லாமல் ஆமியை விட்டுவிட்டுக் கனடாவுக்குக் கப்பல் ஏறினார். இவரைப் போலவே பலர் வந்திருந்தார்கள்.

ரொறன்ரோவில் இருந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் அதே நாளில், முன்னாள் படைவீரர்களின் மண்டபமொன்றின் பின் அறையில் கூடுவார்கள். ஒருவர் கிளாசைத் தூக்கிப் படையணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். மற்றவர்கள் எல்லோரும் "இருக்கிறம்" என்பார்கள். அவ்வளவுதான் சடங்கு. ஒரு காலத்தில் அறை கொள்ளாமல் ஆட்கள் நிற்பார்களாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று பேர்தான் மிச்சம். ஒருவர் இவர். மற்றவர் பேக் பைப் வாசித்தவர், முதியோர் இல்லத்தில் இருந்தார். மூன்றாவது ஆள் படையணியில் சாரதியாக இருந்தவர், ரெக்ஸ்டேலில் தனியாக இருந்தார்.

முதல் மே மாதம் வந்தபோது பெரியவர் அலுமாரியிலிருந்து கறுப்புக் கோட்டை எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். சேட் பொத்தான்களைப் பூட்டிவிட்டேன், கழுத்தில் ரையைக் கட்டிவிட்டேன். பிறகு தொப்பியில் குத்துகிற சின்னத்தையும், ஒரு துணியையும், மினுக்குகிற பசையையும் என் கையில் தந்தார்.

"இதை ஒருக்கா மினுக்கித் தாறியா பிள்ளை? என்ர கை நிக்குதில்லை."

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "உங்களைக் குளிக்க வார்ப்பன், உங்கட மலசலம் துடைப்பன். உதை நான் தொட மாட்டன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை, கோபிக்கவும் இல்லை. சின்னத்தை மடியில் வைத்து, நடுங்குகிற கையால் அதைத் தேய்க்கத் தொடங்கினார். பசை காற்சட்டையெல்லாம் பட்டது. நான் குசினிக்குப் போய் நின்றேன். பிறகு வந்து காற்சட்டையை மாற்றிவிட்டேன். அதுதான் என் வேலை.

மண்டபத்துக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கதவடியில் என் கோட்டைக் கழற்றாமல் நின்று பார்த்தேன். மூன்று வயோதிபர்கள் ஒரு நீள மேசையின் ஒரு மூலையில் இருந்தார்கள். பைப் வாசித்தவர் சின்னக் குழலொன்று கொண்டுவந்திருந்தார். ஊத மூச்சு இல்லை. விரல்கள் மட்டும் ஓட்டைகளின் மேல் போய்வந்தன. மற்ற இருவரும் பாட்டுக் கேட்கிறதுபோலத் தலையைக் குனிந்திருந்தார்கள். சாரதி எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை.

எங்களுக்கும் மே கனத்த மாதம். அதே கிழமையில்தான், ஊரில் போரின் கடைசி நாட்களில் செத்தவர்களுக்காக, நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு விளக்குக் கொளுத்தப் போவேன். ஒரு கிழமைக்குள் இரண்டு இடத்திலும் போய் நிற்கிறேனே என்று யோசிப்பேன். இவரிடம் அதைச் சொன்னதில்லை.

பைப் வாசித்தவர் ஒரு மாரியில் இறந்தார். அதற்குப் பிறகுதான் ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. படையணியின் பழைய ஆட்களுக்கென்று அங்கே ஒரு சங்கம் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவர்களின் ஞாபகங்களை வீடியோவில் பதிவுசெய்து அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். கிறிஸ்மஸுக்கு வந்திருந்த மகள் அதைச் செய்ய ஒத்துக்கொண்டாள். சாரதியையும் வரச் சொன்னார்கள்.

அன்றைக்கு நான் குசினியில் சூப் வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் சாரதி கதைத்தார். கலகலப்பான ஆள். சமையல்காரன் கஞ்சியைக் கருக்கினது, மழைக்குள் பந்தடித்தது, அதிகாரி ஒருவரின் நாய் அணிவகுப்புக்குள் புகுந்தது எல்லாவற்றையும் சொன்னார். மகள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு பெரியவரின் முறை வந்தது.

அவர் மழையைப் பற்றித் தொடங்கினார். கொடி இறக்கின நாளைச் சொன்னார்.

"அதுக்கு முந்தி எங்களைப் போட்டிருந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேணும்" என்றார். அரபு நாட்டில் ஒரு துறைமுகப் பட்டினம். பிரிட்டிஷ்காரர் விட்டுவிட்டு வெளிக்கிடப் போகிற காலம். ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவன் குண்டு எறிவான், இவர்கள் போய்த் தெருவைச் சுற்றிவளைப்பார்கள்.

"ஒரு நாள் விடியக்காலமை ஒரு தெருவை வளைச்சு, ஆம்பிளையள் எல்லாரையும் வெளியில எடுத்து மதிலோட நிப்பாட்டினம். ஒரு ஆளைக் கொண்டுவந்தாங்கள். தலையில சாக்கு. கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அவன் ஒவ்வொருத்தருக்கும் முன்னால வந்து நிண்டான். ஒரு பெடியனுக்கு முன்னால தலையை ஆட்டினான். பெடியனுக்குப் பதினாறு, பதினேழு இருக்கும். நான்தான் கழுத்தில பிடிச்சு இழுத்துக்கொண்டு போனன். தாய் வந்து என்ர சப்பாத்தைப் பிடிச்சா. நான் காலை உதறினன்."

"நிப்பாட்டு" என்றார் சாரதி. சிரிப்பு இல்லாத அவருடைய குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். "உது வேண்டாம். உதுக்கோ அவங்கள் கேட்டவங்கள்? செத்துப்போன ரெஜிமென்றில ஏன் சேறு பூசுறாய்?"

"நடந்ததைத்தானே கேட்டவங்கள்."

"நல்லதும் நடந்தது."

"ஓம். அதை நீ சொல்லிப்போட்டாய்."

நான் அடுப்பை நிற்பாட்டினேன். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். போகிற இடம் தெரியாமல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் போய் இருந்தேன். ஒரு மெஷினில் யாருடைய உடுப்போ சுழன்றுகொண்டிருந்தது.

அப்படிச் சாக்குப் போட்டுக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கிறவனைத் தலையாட்டி என்று சொல்லுவோம். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல். அண்ணாவையும் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலுக்குள் இருத்தினார்கள். ஜீப்புக்குள் ஒரு உருவம் சாக்குப் போட்டபடி இருந்தது. ஒவ்வொருவராக அதன் முன்னால் நடக்க வேண்டும். அண்ணாவுக்கு முன்னால் போனவரை விட்டுவிட்டார்கள், பின்னால் போனவரையும் விட்டுவிட்டார்கள். பெண்கள் நாங்கள் கோயில் வீதியில் நின்று பார்த்தோம். அம்மா ஓடிப்போய் ஒரு ஆமிக்காரனின் காலைப் பிடித்தா. அவன் காலை உதறினதை நான் கண்டேன்.

திரும்பி மேலே போனேன். போகாமல் இருக்க ஏலாது. அவருக்கு மருந்து கொடுக்கிற நேரம். சாரதி போய்விட்டிருந்தார். மகள் அழுத முகத்தோடு ஜன்னலடியில் நின்றாள். நான் சூப்பைச் சூடாக்கி அவருக்குப் பருக்கினேன். வாயைத் துடைத்தேன்.

மகள் கல்கரிக்குத் திரும்பிய பிறகு ஒருநாள், குளிக்க வார்த்துக்கொண்டிருக்கும்போது அவரே கேட்டார். "அண்டைக்கு நீ ஏன் எழும்பிப் போனாய் பிள்ளை?"

முதுகில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னேன். மைதானம், ஜீப், சாக்கு, அம்மா. முழுவதையும் சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் அதை ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. என்னுடைய மனுசனுக்கும் துண்டு துண்டாகத்தான் தெரியும். இவருக்குச் சொன்னேன். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு சொல்லக்கூடியதாக இருந்தபடியால் சொன்னேனோ என்னவோ.

அவர் திரும்பவில்லை. "உன்ர அண்ணற்றை பேர் என்ன?" என்று கேட்டார்.

"அது வேண்டாம்" என்றேன்.

"சரி" என்றார்.

மன்னிப்பு ஒன்றும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். அடுத்த நாள் நான் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

சங்கத்து வீடியோ மாசியில் வந்தது. என் ஃபோனில்தான் போட்டுக் காட்டினேன். சாரதியின் கஞ்சிக் கதை முழுதாக இருந்தது. இவர் வந்தார், மழையைப் பற்றிச் சொன்னார், கொடியை இறக்கினதைச் சொன்னார், பிறகு பேக் பைப் சத்தம் மேலெழுந்து படம் முடிந்துவிட்டது.

"எங்க மிச்சம்?"

"இவ்வளவுதான் இருக்கு."

"திரும்பப் போடு."

திரும்பப் போட்டேன். பிறகும் போடச் சொன்னார். ஏதோ நான் தவறான இடத்தில் அமத்திவிட்டேன் என்பதுபோல என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்கொட்லாந்துக்கு ஃபோன் எடுத்துத் தரச் சொன்னார். மறுமுனையில் ஒரு மரியாதையான குரல். இது குடும்பங்களும் பிள்ளைகளும் பார்க்கிற வீடியோ, அந்த மாதிரி விஷயங்களுக்கு இது இடம் இல்லை என்று பக்குவமாகச் சொன்னது. இவர் நன்றி சொல்லி வைத்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சாரதி ஃபோன் எடுக்கிறதையும் நிற்பாட்டியிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் பந்தாட்டம் முடிந்த கையோடு எடுக்கிற மனிதர். ஞாயிறுகளில் பெரியவர் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்.

மே வந்தது. சாரதி வரமாட்டார் என்று இருவருக்கும் தெரியும். "போக வேணுமோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். கோட்டைப் போட்டுவிட்டேன். சின்னத்தை அவரே மினுக்கினார், அந்த வருடமும் நான் தொடவில்லை. மண்டபத்து வாசலில் அதை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டப் போகிறார்கள் என்று அறிவிப்புப் பலகை நட்டிருந்தார்கள். பின் அறையில் பழைய கதிரைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு மூலையைத் துடைத்து அவரை இருத்தினேன்.

கிளாசில் கொஞ்சமாக விஸ்கி விட்டுக் கையில் கொடுத்தேன். எழும்ப வேண்டும் என்றார். கமக்கட்டுக்குள் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். கட்டிலிலிருந்து தூக்குகிற அதே பிடிதான். அவருடைய முழுப் பாரமும் என் மேல் இருந்தது.

"பிள்ளை, நான் அந்தப் பெடியனையும் சேர்த்துச் சொல்லப் போறன். உன்ர அண்ணரையும் சொல்லட்டோ?"

"வேண்டாம். அவரை உங்கட ஆக்களோட சேர்க்க வேண்டாம்."

தலையை ஆட்டினார். பிறகு படையணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "இருக்கிறம்" என்று பதிலும் அவரே சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பெடியனுக்கு" என்றார். பாதி விஸ்கி என் கையில் கொட்டியது. கதிரையில் இருத்தியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. நான் கையைக் கோட்டில் துடைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே இருந்தார்.

அந்த வருடம் இலையுதிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் போய்ப் பார்த்தபோது என்னை அடையாளம் தெரியவில்லை. மூன்றாவது தரம் போனபோது கட்டிலில் வேறொருவர் கிடந்தார்.

செத்தவீட்டுக்கு ஆட்கள் அதிகம் இல்லை. மகள், எலிவேற்றர் வேலை செய்த பழைய சிநேகிதர்கள் சிலர், நான். எல்லாம் தொடங்குகிற நேரத்தில் சாரதி வந்தார். வோக்கரைத் தள்ளிக்கொண்டு நேரே பெட்டியடிக்குப் போய், தன் தொப்பியைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்தார். பிறகு ஒரு மூலையில் போய் இருந்தார். சாண்ட்விச் கொடுத்த நேரம் நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் தட்டை வாங்கவில்லை.

"உனக்கு அவன் எல்லாம் சொன்னவன், என்ன?"

"வீடியோவுக்குச் சொன்னது குசினியில எனக்கும் கேட்டது."

"அவன் சொன்னது சரி. ஆனால் அவனுக்குப் பாதிதான் தெரியும்." முன்னாலிருந்த வோக்கரை இறுக்கிப் பிடித்தார். "அவன் பெடியனை ட்ரக்கடி வரைக்கும்தான் கொண்டுவந்தவன். ட்ரக்கை ஓட்டினது நான்."

நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

அவர் சொன்னார். பெடியனைப் பட்டினத்துக்கு வெளியே விசாரணை நடத்துகிற ஒரு கட்டடத்தில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து அதே இடத்துக்குத் திரும்ப வரச் சொன்னார்கள். பின்னால் எதையோ ஏற்றினார்கள், தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. கடற்கரையோரமாக உப்புக் காய்ச்சுகிற பாத்திகளுக்கு அப்பால் ஓட்டச் சொன்னார்கள். அங்கே ஏற்கெனவே கிடங்கு வெட்டியிருந்தது. இறக்கும்போது தார்ப்பாய் விலகியதில் முகத்தைக் கண்டார்.

"அவன்தான். அதே பெடியன். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இவனுக்கும் சொல்லேல்லை. இவன் ஒவ்வொரு வருசமும், 'அந்தப் பெடியனை விட்டிருப்பாங்கள், என்ன?' எண்டு கேட்பான். 'விட்டிருப்பாங்கள்' எண்டு சொல்லுவன்."

நான் தட்டை மடியில் வைத்தேன். "தாய்க்கு ஆராவது சொன்னவையோ?"

"ஆர் சொல்லுறது?"

வீட்டுக்கு வந்தேன். அம்மா சோபாவில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. "செத்தவீடு எப்பிடி? கன சனமோ?" என்று கேட்டா. குறைவு என்றேன். "பாவம்" என்றா. அவவைப் பார்க்க எனக்குத் தாங்க முடியவில்லை. எங்கோ ஒரு தாய் கடைசிவரை தேடின பதில் எனக்குத் தெரியும். நான் கேட்காமலே, ஒரு செத்தவீட்டில், சாண்ட்விச் தட்டோடு அது எனக்குக் கிடைத்தது. என் தாய்க்குரிய பதிலும் இப்படி யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும். அவரும் எங்கோ சாப்பிட்டுக்கொண்டு, பந்தாட்டம் பார்த்துக்கொண்டு இருப்பார்.

கொஞ்ச நாள் இதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு சாரதிக்கு ஃபோன் எடுத்தேன்.

"நீங்கள் எனக்குச் சொன்னதை ஃபோனில பதியப் போறன். வாறன்" என்றேன்.

மாட்டேன் என்றார். ரெஜிமென்றுக்கு மிச்சம் இருக்கிறது பேர் ஒன்றுதான் என்றார். வைத்துவிட்டார். இரண்டு கிழமை கழித்து அவரே எடுத்தார். "வா" என்றார்.

என்னுடைய மனுசன் ரெக்ஸ்டேலுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். சாரதி சேவ் எடுத்து, படையணி ரை கட்டி, குசினி மேசையில் எனக்காகக் காத்திருந்தார். நான் ஃபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தேன். இந்தமுறை கஞ்சியும் இல்லை, நாயும் இல்லை. தன் பெயரையும் படையணியின் பெயரையும் சொன்னார். பிறகு ட்ரக், கட்டடம், தார்ப்பாய், உப்புப் பாத்தி. குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. முடிந்தபோது, "இனி அவங்கள் என்னைத் தங்கட ஆள் எண்டு சொல்ல மாட்டாங்கள்" என்றார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இருவரும் குடித்தோம்.

அந்தப் பதிவைக் கல்கரிக்கு, பெரியவரின் மகளுக்கு அனுப்பினேன். அவளிடம் தகப்பனின் முழுப் பதிவும் இருந்தது. சங்கத்துக்கு இரண்டையும் அனுப்பினாள். பதில் இல்லை. அதன் பிறகு அவளே இரண்டையும் இணையத்தில் போட்டாள். சங்கத்தைச் சேர்ந்த சிலர் மோசமாக எழுதினார்கள். பொய்யர், துரோகி, மூளை கலங்கின கிழவர்கள். அவள் அவற்றை எனக்குச் சொல்லவில்லை, நானே வாசித்தேன்.

அவற்றுக்கிடையில் ஒருநாள் ஒரு பெண் எழுதியிருந்தாள். அந்தத் துறைமுகப் பட்டினத்தைச் சேர்ந்த குடும்பமாம், இப்போது வேறு நாட்டில் இருக்கிறார்களாம். தகப்பனின் தம்பியை அப்படித்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாள். அந்தப் பெடியன் போட்டிருந்த சேட் என்ன நிறம்?

பெரியவரின் மகள் அதை எனக்கு அனுப்பினாள். ஏன் முதலில் இதைக் கேட்கிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. முகாம், பொலிஸ், அரசாங்கக் கச்சேரி என்று நாங்கள் ஏறி இறங்கிய ஒவ்வொரு இடத்திலும் அம்மா முதலில் சொன்னது அண்ணாவின் சேட்டைத்தான். பேரை மாற்றிச் சொல்லுவார்கள், வயதைப் பிழையாக எழுதுவார்கள். சேட் மாறாது என்று நினைத்தா.

சாரதிக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். கன நேரம் யோசித்தார்.

"வெள்ளையாக்கும்" என்றார். "அந்த வெய்யிலுக்குள்ள எல்லாரும் வெள்ளைதானே போட்டவை. வெள்ளை எண்டுதான் நினைக்கிறன்."

அதை அப்படியே எழுதினோம். அடுத்த நாளே பதில் வந்தது. எங்கள் சித்தப்பா போட்டிருந்தது நீலம், பதில் எழுதியதற்கு நன்றி என்று இருந்தது.

நான் அதைச் சாரதிக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன்.

"பிள்ளை" என்றார். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "திரும்ப ஒருக்கா எழுது. எனக்கு நிறம் வடிவா ஞாபகமில்லை எண்டு எழுது. நீலமாயும் இருக்கலாம் எண்டு எழுது."

எழுதினேன்.